மூன்றாம் மேசையும் ஒரு நோட்டுப் புத்தகமும்: பள்ளிக்குள் இனவரைவியல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

மூன்றாம் மேசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து நிற்கிறாள். என்ன வேண்டும் என்று ஆசிரியை கேட்கிறார். பதில் இல்லை. உட்காரச் சொல்கிறார், சற்றுக் கறாராக. உட்காருகிறாள், ஆனால் ஆசிரியை கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியில் பக்கவாட்டில் உட்காருகிறாள். காலை மேசைக்கு அடியில் வைக்கும்படி அடுத்த உத்தரவு வருகிறது. வைக்கிறாள். இப்போது அவள் முதுகு கரும்பலகையைப் பார்த்து இருக்கிறது. பலகையிலோ 'ஓ' என்ற ஆங்கில எழுத்தை எப்படிப் போடுவது என்று ஆசிரியை எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இதெல்லாம் நடக்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. வகுப்பு பாட்டுக்கு நடக்கிறது. இப்படி ஒன்று நடந்தது என்று நமக்குத் தெரிவதற்கு ஒரே காரணம், அந்த அறையில் இன்னொரு பெரியவர் உட்கார்ந்து, நடப்பதை நடக்க நடக்கக் கையால் எழுதிக்கொண்டிருந்ததுதான். அவர் ரே ரிஸ்ட் என்ற சமூகவியல் ஆய்வாளர். இப்படி மக்கள் நடுவில் நீண்ட நாள் இருந்து, பார்த்து எழுதுகிற முறைக்குத்தான் இனவரைவியல் என்று பெயர். 1970 ஆகஸ்டில் 'ஹார்வர்ட் எஜுகேஷனல் ரிவ்யூ' இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில் இந்தக் காட்சி இருக்கிறது. கல்வியியல் படிப்பவர்கள் இன்றும் தேடிப் படிக்கிற கட்டுரை அது. பெரும்பாலும் ஆசிரியர்களின் எதிர்பார்ப்பு பற்றிய பாடமாகத்தான் படிக்கிறார்கள். எனக்கு அது ஆய்வாளரைப் பற்றிய பாடமாகவும் படுகிறது. அந்தச் சிறுமியின் நாற்காலியைத் திருப்பிப் போட அவர் எழுந்திருக்க வேண்டுமா?

நடந்தது

கட்டுரையில் பள்ளியின் பெயர் இல்லை. ஆனால் ஆய்வு எந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டம் என்பது அடிக்குறிப்பிலேயே இருக்கிறது: வாஷிங்டன் பல்கலைக்கழகம். அது செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருப்பது. பெயரை மறைப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதுவே முதல் சாட்சி. திட்டத்தை முதலில் நடத்தியவர் மானிடவியலாளர் ஜூல்ஸ் ஹென்றி. 1969இல் அவர் இறந்த பிறகு ஹெலன் கோல்ட்னர் பொறுப்பேற்றார். பணம் அமெரிக்கக் கல்வி அலுவலகத்தினுடையது.

பள்ளி, வறுமை மிகுந்த நகர்ப்புறத்தில் இருந்தது. பிள்ளைகள், ஆசிரியர்கள், அலுவலர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். 1967 செப்டம்பரில் மழலையர் வகுப்பில் சேர்ந்த 30 பிள்ளைகளை ரிஸ்ட் பின்தொடர்ந்தார். வாரத்துக்கு 2 முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம். அவர்கள் முதல் வகுப்புக்குப் போன ஆண்டில் 4 முறை மட்டும் எட்டிப் பார்த்தார். அப்போது வகுப்புக்குள் குறிப்பு எடுக்கவில்லை, வெளியே வந்த பிறகு எழுதிக்கொண்டார். 1969இல், இரண்டாம் வகுப்பின் முதல் அரையாண்டில், மறுபடியும் நோட்டோடு உட்கார்ந்தார். ஒலிப்பதிவுக் கருவி எதுவும் பயன்படுத்தவில்லை. ஆசிரியைகளோடு பேசினார். சில பிள்ளைகளின் வீட்டுக்கும் போனார்.

மழலையர் வகுப்பு ஆசிரியைக்குக் கட்டுரையில் கேப்லோ என்று புனைபெயர். பள்ளி தொடங்கிய எட்டாம் நாள் அவர் பிள்ளைகளுக்கு நிரந்தர இடம் ஒதுக்கினார். மேசைகள் மூன்று. தனக்குப் பக்கத்தில் இருந்த முதல் மேசையில் வேகமாகக் கற்பவர்கள், மற்ற இரண்டிலும் மற்றவர்கள் என்பது அவர் கணக்கு. எட்டு நாளில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? சேர்க்கையின்போது பெற்றோர் கொடுத்த விவரங்கள், தாய்மார்களோடு நடந்த பேச்சு, அரசு உதவித்தொகையில் வாழும் குடும்பங்களின் பட்டியல், அண்ணன் அக்காக்களைப் பற்றி மற்ற ஆசிரியர்கள் சொன்னவை, அப்புறம் தன் கண்ணில் பட்டவை. இவற்றில் எதுவும் பிள்ளையின் படிப்புத்திறனை நேராகச் சொல்வதல்ல. முதல் மேசைக்கு வந்தவர்கள் சுத்தமான உடையோடு வந்தவர்கள், ஆசிரியையிடம் தயங்காமல் பேசியவர்கள், பள்ளி எதிர்பார்க்கிற ஆங்கிலத்தைப் பேசியவர்கள். உதவித்தொகை வாங்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுகூட அந்த மேசையில் இல்லை.

அதன் பிறகு நடந்ததை யாரும் ஊகித்துவிடலாம். ஆசிரியை முதல் மேசையோடு பேசினார், முதல் மேசை பதில் சொன்னது. அந்த மேசைப் பிள்ளைகள் மற்றவர்களைக் கேலி செய்யப் பழகினார்கள். முதல் வகுப்பு ஆசிரியை முந்தைய ஆசிரியையின் மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இடம் பிரித்தார். இரண்டாம் வகுப்பில் வாசிப்புத் தேர்வின் மதிப்பெண்ணும் சேர்ந்துகொண்டது. இப்போது பிரிவினை பார்ப்பதற்கு நியாயமாகவே தெரிந்தது. அந்த வகுப்பின் குழுக்களுக்கு விலங்கு, பறவைப் பெயர்கள் உண்டு: புலிகள், கார்டினல்கள். மூன்றாவது குழுவுக்குக் கோமாளிகள் என்று பெயர். எனக்குத் தெரிந்து ஆய்வு இலக்கியத்தில் இதைவிடக் கூச்சமில்லாத பெயரிடல் இல்லை. குழுவாகத்தான் அடுத்த வாசிப்புப் புத்தகத்துக்குப் போக முடியும் என்பதால், ஒரு கோமாளி எவ்வளவு நன்றாகப் படித்தாலும் புலி ஆக வழி கிடையாது.

யாருடைய சம்மதம்

1967இல் இதற்கெல்லாம் இன்று உள்ள மாதிரி விதிகள் இல்லை. அமெரிக்காவில் தேசிய ஆய்வுச் சட்டம் வந்தது 1974இல். மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான அடிப்படை நெறிகளைச் சொன்ன பெல்மான்ட் அறிக்கை 1979இல் வந்தது. குழந்தைகளுக்கென்று தனி விதிகள் வந்தது 1983இல். ரிஸ்டின் பிள்ளைகள் அப்போது பள்ளி வயதையே தாண்டி இருபதைக் கடந்திருப்பார்கள். ஆகவே இன்றைய விதியை வைத்து அன்றைய ஆளை அளப்பதில் எனக்கு விருப்பமில்லை. அதே ஆய்வை இன்று ஒருவர் செய்தால் விதிகள் அவரை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்பதுதான் பயனுள்ளது.

1983 விதிகள் இரண்டு படிகளை வைக்கின்றன. பெற்றோர் அனுமதி ஒன்று, பிள்ளையின் இசைவு ஒன்று. இசைவு என்றால் பிள்ளை தானாகச் சரி என்று சொல்வது. மறுப்புச் சொல்லாமல் இருப்பதை இசைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அருமையான வரி. ஆனால் பள்ளி என்ற இடத்தை யோசித்துப் பாருங்கள். அனுமதி மேலிருந்து இறங்குகிறது. கல்வி அதிகாரி சரி என்கிறார், தலைமை ஆசிரியர் சரி என்கிறார், வகுப்பு ஆசிரியைக்கு மறுக்கிற துணிவு பாதிதான் மிஞ்சுகிறது, பெற்றோருக்குப் பிள்ளையின் பையில் ஒரு படிவம் போகிறது. கடைசியில் ஐந்து வயதுப் பிள்ளையிடம் வந்து நிற்கும்போது, அதற்குத் தெரிந்த எல்லாப் பெரியவர்களும் ஏற்கெனவே சரி சொல்லி முடித்திருக்கிறார்கள். பெரியவர் கேட்டால் செய்ய வேண்டும் என்பதைத்தான் அந்தக் கட்டடம் நாள் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறது. அங்கே கிடைக்கிற 'சரி'யின் எடை என்ன?

பொது இடத்தில் நடப்பதைச் சும்மா பார்ப்பதற்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு. பிள்ளைகள் விஷயத்தில், ஆய்வாளர் அவர்களுடைய செயல்களில் கலந்துகொள்ளாமல் இருந்தால்தான் அந்த விலக்கு செல்லும். இனவரைவியலாளரோ கலந்துகொள்ளத்தான் போகிறார். பென்சில் கீழே விழுந்தால் எடுத்துக் கொடுப்பார், விளையாட்டில் ஆள் குறைந்தால் சேர்ந்துகொள்வார்.

இந்தச் சிக்கலுக்குச் சிலர் வேறு வழி தேடினார்கள். 1988இல் நான்சி மாண்டெல் 'மிகக் குறைந்த பெரியவர்' என்று ஒரு நிலையை முன்வைத்தார். உயரத்தைத் தவிர எல்லாவற்றிலும் பிள்ளைகளில் ஒருவராக இருந்து பார்ப்பது. கேட்க இனிமைதான். ஆனால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாலும், போதும் என்று தோன்றும்போது எழுந்து வெளியே போகிற உரிமை அந்த அறையில் ஆய்வாளருக்கு மட்டும்தான். பிள்ளைகள் அதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். தொடக்கப் பள்ளிகளில் ஆண், பெண் பிள்ளைகளின் விளையாட்டைப் பல மாதங்கள் கவனித்த பேரி தார்ன், பிள்ளைகள் தன் நோட்டைச் சந்தேகத்தோடு பார்த்ததை எழுதியிருக்கிறார். தாங்கள் செய்யும் தப்புகளைத்தான் குறித்துக்கொள்கிறாரோ என்ற பயம். பள்ளியில் ஒரு பெரியவர் எழுதினால் வேறு எதற்காக எழுதுவார்? சின்னச் சின்ன விதிமீறல்களை ஆசிரியர்களிடம் சொல்வதில்லை என்று தார்ன் வைத்துக்கொண்டார். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அப்படி வைத்துக்கொண்ட கணத்திலேயே ஆய்வாளர் பள்ளிக்கு ஒரு ரகசியம் பாக்கி வைக்கிறார்.

இன்னொரு நடைமுறைக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 பேரில் ஒரு குடும்பம் மட்டும் மாட்டோம் என்கிறது. வினாத்தாள் என்றால் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டால் போதும். வகுப்பறை உரையாடலில் அந்தப் பிள்ளையின் குரலை மட்டும் எப்படிக் கேட்காமல் இருப்பது? குறிப்பில் அந்த வரியை விட்டுவிட்டால், அதற்குப் பதிலாகச் சிரித்த பிள்ளை காரணமில்லாமல் சிரித்த மாதிரி ஆகிவிடும்.

தெரிந்தும் சொல்லாதது

இந்த நிகழ்வில் என்னை மிகவும் உறுத்துவது சம்மதப் படிவத்தோடு தொடர்புடையது அல்ல. கட்டுரையின் நடுவில் ரிஸ்ட் ஒன்றைச் சொல்கிறார். இரண்டாம், மூன்றாம் மேசைப் பிள்ளைகளுக்கு நேரடிப் பாடம் அதிகம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஆசிரியை முதல் மேசைக்கு நடத்தியதைத் தள்ளி இருந்து கேட்டே அவர்கள் கற்றுக்கொண்டார்கள். இதை இரண்டாம் நிலைக் கற்றல் என்கிறார். இது அவருக்குத் தெரிந்தது வீட்டுக்குப் போனபோது. வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள் வீட்டில் அவரிடம் படித்ததைச் சொல்லிக் காட்டினார்கள்.

ஆசிரியையோ ஆண்டின் கடைசியில், பின்மேசைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரிவதில்லை, ஏதோ வேறு உலகத்தில் இருக்கிறார்கள் என்கிற தொனியில் நேர்காணல் கொடுத்தார். கேள்வி கேட்டவர் ரிஸ்ட். அது உண்மை இல்லை என்பதற்கு ஆதாரம் அவர் நோட்டிலேயே இருந்தது.

அந்த இடத்தில் என்ன செய்வது? ஆய்வு நெறிமுறைக் குழுக்கள் இன்று கொடுக்கிற பயிற்சியில் இதற்குப் பதில் கிடையாது. பிள்ளையை அடித்தால், பாலியல் துன்புறுத்தல் நடந்தால், யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பல நாடுகளில் சட்டமே இருக்கிறது. நாற்காலி தப்பான பக்கம் பார்த்திருக்கிறது என்று எந்த அலுவலகத்தில் புகார் கொடுப்பது? பள்ளிகளில் நடக்கும் தீங்கில் பெரும்பகுதி இந்த ரகம்தான். விதி எதையும் மீறாதது, தினமும் நடப்பது, செய்கிறவருக்கே தெரியாதது.

சொல்லக் கூடாது என்பதற்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. ரிஸ்ட் நிறுவ முயன்றது, தன்னைத் தானே நிறைவேற்றிக்கொள்ளும் கணிப்பு எப்படி நாளாந்தம் நடக்கிறது என்பதை; அதாவது, ஒரு பிள்ளையால் முடியாது என்று நம்பி நடத்தினால், அந்த நடத்துதலே பிள்ளையை அப்படி ஆக்கிவிடுவதை. நடுவில் புகுந்து ஆசிரியையிடம் சொல்லியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். ஆசிரியை மாறியிருப்பார், அத்தோடு ஆய்வும் கலைந்திருக்கும். அல்லது கதவு சாத்தப்பட்டிருக்கும். எப்படியானாலும் அந்தக் கட்டுரை வந்திருக்காது. அதைப் படித்து மனம் மாறிய ஆசிரியர்களின் வகுப்புகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு நன்மை நடந்திருக்கலாம். நான் இந்த வாதத்தை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் அந்தப் பேரத்தில் விலை கொடுத்தது அந்த 30 பேரில் இரண்டாம், மூன்றாம் மேசைக்காரர்கள். பேரம் பேசும் இடத்தில் அவர்கள் இல்லை.

இதோடு இன்னொரு ஆய்வை வைத்துப் பார்க்கலாம். 1968இல் ராபர்ட் ரோசென்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் வெளியிட்டது. ஜேக்கப்சன் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியை. பிள்ளைகளில் 20 சதவீதம் பேரைக் குலுக்கல் மாதிரி தேர்ந்தெடுத்து, இவர்கள் இந்த ஆண்டு அறிவில் மலரப் போகிறவர்கள் என்று தேர்வு முடிவு காட்டுவதாக ஆசிரியர்களிடம் சொன்னார்கள். அது பொய். சொன்னவர்கள் வேண்டுமென்றே சொன்ன பொய். ஆசிரியர்களை ஏமாற்றியதற்காகவும், முடிவுகளின் உறுதி பற்றியும் அந்த ஆய்வு நிறைய அடி வாங்கியது. ஆனாலும் எனக்கு ஒரு வேடிக்கை தோன்றும். அங்கே ஆய்வாளர்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு நல்ல பொய்யைச் சொன்னார்கள். செயின்ட் லூயிஸில் ஆய்வாளர் ஒரு நல்ல உண்மையைத் தன்னோடு வைத்துக்கொண்டார். நெறிமுறைப் பாடங்களில் முதலாவதைத்தான் குற்றமாகக் காட்டுகிறார்கள்.

ரிஸ்டின் பக்கம் நின்று ஒன்றையும் சொல்ல வேண்டும். எட்டாம் நாள் மேசை போட்டபோது, இரண்டு ஆண்டுக்குப் பிறகு அது புலி, கோமாளி என்று முடியும் என அவருக்கு எப்படித் தெரியும்? மேசை பிரித்து உட்கார வைப்பது உலகத்தில் எல்லா வகுப்பிலும் நடப்பது. அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே, பார், எழுது, மறுபடி பார் என்றுதான் இனவரைவியல் சொல்லிக்கொடுக்கிறது. அந்தப் பொறுமைதான் அதன் பலம். ஆனால் தீங்கு நிச்சயமாகத் தெரிய வரும்போது அது நடந்து முடிந்திருக்கும். பார்ப்பவர் பொறுமையாக இருக்கிற அதே நாட்களில்தான் பிள்ளைக்கு ஐந்து வயது ஆறாகி, ஆறு ஏழாகிறது. வேறு எந்தக் களத்தைவிடவும் பள்ளியில் இந்தக் கணக்கு கொடுமையானது, ஏனென்றால் மழலையர் வகுப்பை யாரும் இரண்டாம் முறை படிப்பதில்லை.

சும்மா பார்ப்பது என்பதும் அவ்வளவு சும்மா இல்லை. 1967இல் வெளிவந்த ஆய்வுக்காக இங்கிலாந்தில் ஓர் ஆண்கள் இடைநிலைப் பள்ளியில் உட்கார்ந்த டேவிட் ஹார்க்ரீவ்ஸ், மாணவர்கள் தன்னிடம் சொன்னதைப் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் இருக்கும்போது சில ஆசிரியர்கள் சிரித்துக்கொண்டு நாடகம் போடுகிறார்கள், நீங்கள் இல்லையென்றால் கோபம் தலைக்கேறிவிடும் என்று பையன்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் ஆய்வாளர் அங்கே உட்கார்ந்திருப்பதே ஒரு காவல். வாரம் இரண்டு முறை வந்து போகும் காவல். அவர் வராத நாளில் என்ன நடக்கிறது என்பதும், களப்பணி முடிந்து அவர் ஒரேயடியாகப் போன பிறகு என்ன ஆகிறது என்பதும் எந்த நோட்டிலும் ஏறாது.

என் தீர்ப்பைக் கேட்டால், அந்தச் சிறுமியின் நாற்காலிக்காக அவர் எழுந்திருக்க வேண்டியதில்லை. பாடத்தின் நடுவில், பிள்ளைகள் முன்னால், ஓர் ஆசிரியையின் உத்தரவை மாற்றுவது வேறொரு அவமதிப்பு. ஆனால் வீட்டுக்குப் போய்க் கேட்ட பிறகு நிலைமை மாறிவிட்டது. இந்தப் பிள்ளைக்குப் பாடம் தெரியும், வீட்டில் என்னிடம் சொன்னாள் என்ற ஒரு வாக்கியத்தை ஆசிரியையிடம் சொல்லியிருக்கலாம். குற்றச்சாட்டு இல்லாமல், ஆய்வின் முடிவைக் காட்டிக்கொடுக்காமல் சொல்லக்கூடிய வாக்கியம்தான் அது. அதைக் கேட்டும் ஆசிரியை மாறாமல் இருந்திருந்தால், ஆய்வுக்கு இன்னும் அழுத்தமான சான்று கிடைத்திருக்கும். மாறியிருந்தால், சரி, கட்டுரை சற்று மெலிந்திருக்கும்.

கதவைத் திறந்துவிட்டவர்

பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது ஆசிரியையை மறந்துவிடுகிறோம். ஓர் ஆண்டு முழுவதும், வாரம் இரண்டு நாள், தன் வகுப்பில் ஓர் அந்நியர் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதுவதைப் பொறுத்துக்கொண்டவர் அவர். உதவித்தொகைக் குடும்பங்களின் பட்டியலை அவர் தேடிப் போகவில்லை, பள்ளி அவர் கையில் கொடுத்தது. கற்பதில் வேகமானவர், மெதுவானவர் என்று பிரிப்பது அவர் கண்டுபிடிப்பும் அல்ல. கட்டுரை அமைப்பைப் பற்றியும் பேசுகிறது, உண்மைதான். ஆனால் வாசகர் மனதில் தங்குவது அமைப்பு அல்ல, காலை மேசைக்கு அடியில் வைக்கச் சொன்ன ஒரு பெண்மணி. அரை நூற்றாண்டுக்கு மேலாக, ஆசிரியர் பயிற்சி பெறுபவர்கள் அவரைப் படித்து முகம் சுளிக்கிறார்கள். இதற்குத்தான் அவர் சம்மதித்தாரா?

புனைபெயர் அவரை வெளியுலகத்திடமிருந்து மறைக்கும். உள்ளே இருப்பவர்களிடமிருந்து மறைக்காது. சமூகவியலாளர் மார்ட்டின் டோலிச் 2004இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். வெளியார் அடையாளம் காணாமல் இருப்பது ஒன்று, உள்வட்டத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் காணாமல் இருப்பது வேறொன்று. ஆய்வாளர்கள் முதலாவதற்கு வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதையும் கொடுத்த மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். 30 பேரில் 18 பேர் ஒரே முதல் வகுப்புக்குப் போனார்கள், 10 பேர் ஒரே இரண்டாம் வகுப்புக்கு. அந்தப் பள்ளியில் வேலை செய்த யாருக்கும் யார் கேப்லோ, யார் எந்தப் பிள்ளை என்று தெரிய ஒரு பக்கம் படித்தால் போதும்.

அப்படியானால் அச்சுக்குப் போகும் முன் ஆசிரியையிடம் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அதுவும் எளிதல்ல என்பதற்கு ஸ்டீபன் பாலின் அனுபவம் இருக்கிறது. பீச்சைட் என்று புனைபெயர் வைத்த ஒரு பள்ளியைப் பற்றிய அவர் நூல் 1981இல் வந்தது. தான் எழுதியதைப் பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துக் கூட்டம் வைத்துப் பேசியதைப் பிறகு ஒரு கட்டுரையில் நினைவுகூர்ந்தார். பலரும் அத்தியாயங்களில் தங்களைப் பற்றியும், தங்கள் பாடத்தைப் பற்றியும் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடிப் படித்தார்களாம். பள்ளி முழுவதும் எப்படி இயங்குகிறது என்று அவர் சொல்ல வந்தது யார் காதிலும் ஏறவில்லை. எனக்கு இதில் ஆசிரியர்கள் மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. உங்களைப் பற்றி ஒருவர் மூன்று ஆண்டு எழுதினால், நீங்களும் முதலில் உங்கள் பெயரைத்தான் தேடுவீர்கள்.

அந்தக் கூட்டத்திலும் பெரியவர்கள்தான் இருந்தார்கள். முடிவைப் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் காட்டுவதைப் பற்றி இன்று பேசுகிறார்கள். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்று 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் சொல்கிறது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதைக் காட்டுவது? உன் குழுவின் பெயர் ஏன் கோமாளிகள் என்று நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம் என்றா?

2000ஆம் ஆண்டில் அதே இதழ், ரிஸ்டின் கட்டுரையை அவருடைய புதிய முன்னுரையோடு மறுபதிப்பு செய்தது. கரும்பலகைக்கு முதுகு காட்டி உட்கார வைக்கப்பட்ட சிறுமிக்கு அப்போது 38 வயது இருக்கும்.